ஏழாவது வாசகர்

அடுத்த புத்தகத்தை எந்த வடிவத்தில் படிப்பது என்று தீர்மானிக்க அந்த வாசகர் குழுவுக்கு இரண்டு வாரம் பிடித்தது. இருப்பதே ஆறு பேர். ஆறு பேருக்கு எட்டு அபிப்பிராயம். மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குக் கீழே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, சொத்துப் பிரிக்கிறவர்களைப் போல வாதாடினார்கள்.

"அச்சுப் புத்தகம்தான்," என்றார் ஓய்வு பெற்ற நடத்துனர். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர். "கையில காகிதம் இல்லாம என் மண்டையில ஒண்ணும் ஏறாது."

"அச்சுல இல்லையே சார். பதிப்பகத்துலயே கைய விரிச்சுட்டாங்க," என்றாள் கடைக்கார அக்கா. "நூலகத்துல ரெண்டு பிரதி இருக்கு. எல்லாரும் உறுப்பினராயிடலாம். ஒரு போட்டோ, ஒரு முகவரிச் சான்று. வேலை முடிஞ்சுது."

முகவரிச் சான்று என்றதும் ஒருத்தி மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தாள். அவள் இரண்டு தெரு தள்ளி இருந்த சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்துகிறவள். குழுவில் அவளுக்கு 'லாண்டரி' என்றே பெயர். ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அந்தப் பதினான்கு மாதமும் எந்த ஏட்டிலும் தன் பெயர் ஏறாமல் பார்த்துக்கொண்டாள். வாடகை வீடுகூட சலவைக் கடை முதலாளியம்மாவின் பெயரில்தான்.

காரணம் அவள் கணவன். ஒருமுறை அவள் மணிக்கட்டை இரண்டு இடத்தில் ஒடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போய், மாடிப்படியில் வழுக்கிவிட்டாள் என்று கண் கலங்கச் சொன்னவன். டாக்டருக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் பிடிக்கும். மகளை ஒரு நாளும் அதட்டிக்கூடப் பேசியதில்லை, அவளுக்கு அப்பா என்றால் உயிர். "நீ போறதுன்னா போ. பாப்பாவ எடுத்துட்டுப் போயிடுவேன், அப்புறம் அவ முகத்தைக்கூட நீ பாக்க முடியாது," என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். சொன்னதைச் செய்கிறவன். அதனால்தான் அவள் முந்திக்கொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை மாலை இந்த மாடிக்கு வருவது ஒன்றுதான் அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட சந்தோஷம். அதை விட மனசில்லை. எல்லோரும் நூலகப் படிவத்துக்குத் தலையாட்டப் போகிற நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் புத்தகம் என்கிட்ட டிஜிட்டல்ல இருக்கு அக்கா. எப்பவோ வாங்கினது. என் கணக்குல ஆறு பேரும் நுழைஞ்சு படிக்கலாம். படிவமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாமா?" என்று கேட்டார் நடத்துனர்.

"சுவர் அளவுக்குப் பெருசு பண்ணலாம் சார்."

"அப்ப என் ஓட்டு உனக்கு."

அது பழைய வீட்டில் இருந்தபோது திறந்த கணக்கு. இப்போது மறுபடி அதில் நுழையுமுன் அவள் யோசிக்காமல் இல்லை. போனை மாற்றியாயிற்று, நம்பரை மாற்றியாயிற்று. இதில் இருப்பது வெறும் புத்தகங்கள். அவன் புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கூடப் படுத்ததில்லை. நூலக ஏட்டைவிட இது பத்திரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் முடிந்ததும், படித்து நிறுத்திய பக்கத்தின் ஓரத்தில் அடுத்த கூட்ட விவரத்தை நடத்துனர் பென்சிலால் எழுதுவார். டிஜிட்டலுக்கு மாறியும் அவர் விடவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு சேர்த்தார். பழைய தொழில் புத்தி, ஊர், தெரு, நிறுத்தம் மூன்றும் இல்லாமல் அவருக்கு எழுத வராது. வியாழன், ஐந்தரை மணி, கண்ணாடிக்கடை மாடி, பதினேழாம் நம்பர் பஸ், கடைசி நிறுத்தம். பிஸ்கட்: லாண்டரியும் அவள் மகளும். இப்படி ஐந்து வாரம்.

ஆறாவது வாரம், மகளை மூலையில் படம் வரைய உட்காரவைத்துவிட்டு அவள் போனைத் திறந்தாள். 'வேறு சாதனத்தில் 212ஆம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். அங்கே போகலாமா?' என்று கேட்டது. இப்படிக் கேட்பது புதிதில்லை. ஆறு பேர் ஒரே கணக்கில் மேய்ந்தால் அது குழம்பத்தானே செய்யும்?

"யாரு அது, கடைசிப் பக்கம் வரைக்கும் ஓடினது?" என்று சிரித்தாள்.

"நான் தொண்ணூத்தாறுதான்," என்றாள் அக்கா. நடத்துனர் எண்பதைத் தாண்டவில்லை. மற்ற மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவள் சாதனங்களின் பட்டியலைத் திறந்தாள். ஆறு போன்கள் இருந்தன. ஏழாவதாக ஒன்று, 'வீட்டு டேப்'. பழைய வீட்டின் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்குமே, அந்த டேப்லெட். கடைசியாகத் திறந்தது இன்று காலை.

ஒவ்வொரு குறிப்பாகப் போய்ப் பார்த்தாள். ஊர் இருந்தது, தெரு இருந்தது, இன்றைய தேதி இருந்தது, மகளும் இருந்தாள். மணி ஐந்து நாற்பது.

"அக்கா, அவர் வந்துடுவார்," என்றாள். "பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவார்." பதினான்கு மாதமாக மறைத்து வைத்ததை நாலே வாக்கியத்தில் கொட்டினாள். நடத்துனரின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தானேம்மா எழுதினேன்," என்று மட்டும் சொல்லிக் கதவைத் தாழிடப் போனார்.

அதற்குள் கதவு திறந்தது.

"வாசகர் குழு இதுதானே? மன்னிக்கணும், பஸ் லேட்." கசங்காத சட்டை, இதமான குரல். பார்த்தவுடன் யாரும் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

"உறுப்பினருக்கு மட்டும்தான் இடம்," என்றார் நடத்துனர். நிறைந்த பஸ்ஸில் படிக்கட்டை மறிப்பது போல, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அக்கா எழுந்து அவருக்குப் பின்னால் போனாள். மற்ற மூவரும் எழுந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. தனக்காக இத்தனை பேர் எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

"பரவாயில்லை சார், நான் உள்ள வரலை," என்றான் அவன். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, அவர்கள் கால்களின் இடைவெளி வழியே மூலையைப் பார்த்தான். கைகளை விரித்தான்.

"அப்பா!"

வண்ணப் பென்சில்கள் தரையில் சிதறின. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஓடியது. ஐந்து பேரும் உள்ளே வருகிறவனைத் தடுக்கத்தான் நின்றுகொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே நடத்துனரின் கைக்குக் கீழே குனிந்து அது வெளியே போனபோது, வழிவிடத்தான் அவர்களுக்குத் தோன்றியது.