கரண்டி யார் கையில்

கிருஷ்ணம்மாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஓர் ஆசைதான். பெக்கான் நானாஸ் ஊர்க் கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிக்க வேண்டும். முன்பு ஒருமுறை பிடித்தாள். அன்று அன்னாசிப் பச்சடி அடிப்பிடித்துப் போனது. அதோடு சரி, அன்னதானப் பொறுப்பாளர் சதாசிவம் அவளை வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். அன்னாசி விளைகிற ஊரில் அன்னாசியைத் தீய்த்தவள் என்ற பெயரைக் கோர்ட்டுக்குப் போனாலும் அழிக்க முடியாது.

அதனால்தான், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தரத் தன்னார்வலர் தேவை என்றதும் முதல் ஆளாக ஓடினாள். சேவை மனப்பான்மை என்று நாமும் சொல்லிவைப்போம், காசா பணமா.

அடுப்பு கூடாது, கத்தி கூடாது, எண்ணெய் கூடாது என்று லோஷினி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். மிஞ்சியது சமையல்காரர் தொப்பி. பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வாராவாரம் வெங்காயம் உரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் எதுவும் கொதிக்கவில்லை. வாட்சாப் மட்டும் கொதித்தது.

பெற்றோர் தினம் வந்தது. 'எங்கள் குட்டிச் சமையல்காரர்கள்' என்று பதாகை கட்டியாயிற்று, மேசையில் வைக்கத்தான் ஒன்றுமில்லை. கிருஷ்ணம்மா விடியுமுன் எழுந்து, அடுப்பைவிட்டு நகராமல் ஒரு பானை அன்னாசிப் பச்சடி கிண்டினாள். தீயவில்லை. பட்டையும் கிராம்பும் மணக்க, அவளுக்கே கண் கலங்கும்படி வந்திருந்தது. சிறப்பு விருந்தினராக வரும் சதாசிவம் சாப்பிடட்டும், சொல்லிக்கொடுத்தது யாரென்று கேட்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே தூக்கி வந்தாள்.

சதாசிவம் சாப்பிட்டார். விரலையும் விட்டுவைக்கவில்லை.

"யாரு செஞ்சது இது?"

"பிள்ளைங்கதான்," என்று லோஷினி டீச்சர் முந்திக்கொண்டார்.

தொப்பி போட்ட சிறுமி ஒருத்தி மட்டும், "நாங்க வெங்காயம்தான் உரிச்சோம்," என்றாள்.

"அலமாக், என்னா அடக்கம் பாருங்க," என்று சதாசிவம் அவள் தலையைத் தடவினார். "தைப்பூச அன்னதானத்துக்கு இவங்களையே பச்சடி கிண்ட விட்ருவோம்லா."

சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த அப்பாக்கள் பலமாகக் கைதட்டினார்கள். நான்தான் செய்தேன் என்று கிருஷ்ணம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் பதாகை பொய், டீச்சர் பொய், இத்தனை வாரம் போட்ட தொப்பியும் பொய். சொல்லாவிட்டால் கரண்டி போயே போச்சு. காலிப் பானையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் கூட வந்துருங்க," என்றார் சதாசிவம் பெருந்தன்மையாக. "பிள்ளைங்க கையில கத்தி குடுக்க முடியாதுல்ல."

"எத்தனை கிலோ வெங்காயம்ணே?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா.