இருசம்மாள் மலை இறங்கியது

கரியராமன் சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்காவது உண்மை கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிந்தால் அதற்கு மலைதான் பொறுப்பு. கல்வராயன் மலையில் எல்லாமே கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும்.

அப்போது எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. பொங்கல் முடிந்த சமயம். என் மனைவி இருசம்மாளுக்கு முதல்நாள் எடுத்த வலி பொழுது விடிந்தும் தீரவில்லை. பிரசவம் பார்க்க வந்த கொளஞ்சியம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீழே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றாள். எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதனால் அவள் சொன்னதை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பிள்ளைவலி எடுத்த வீட்டில் ஒரு முடிச்சுகூட இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடிச்சு இருந்தால் பிள்ளைக்கு வழி அடைபடும். இருசம்மாளின் கொண்டையை அவிழ்த்தோம். தானிய மூட்டைகளை அவிழ்த்தோம், ஆடுகளை அவிழ்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் நல்ல மனசோடு தங்கள் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். எந்த ஆடு யாருடையது என்ற பஞ்சாயத்து இன்றுவரை ஓயவில்லை. நான் என் அரைஞாண் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி இருசம்மாளைப் படுக்க வைத்தோம். முன்னால் அவள் அண்ணன் வேடியப்பன், பின்னால் பக்கத்து வீட்டுச் சின்னராசு. கூடவே கொளஞ்சியம்மாளும் நானும். பாதி மலை இறங்கியதும் வலி நின்றுபோனது. வலி நிற்பது நல்லதில்லை என்றாள் கொளஞ்சியம்மாள். தூளியை இறக்காமலே எல்லோரும் நின்று, எந்த முடிச்சை விட்டுவிட்டோம் என்று யோசித்தோம்.

வேடியப்பனுக்குத்தான் முதலில் தெரிந்தது. தன் தோளுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. தங்கச்சி மேல் உள்ள பாசத்தில் மனுஷன் அதை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டான்.

இருசம்மாள் தரையில் விழுந்தாள். சருகு மெத்தையாக இருந்ததால் அடி படவில்லை. உட்கார்ந்தபடியே அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கொல்றதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும்கூட பொறுக்க முடியலியா?"

வேடியப்பன் அழுதுவிட்டான். அவள் வயிற்றைப் பிடித்தாள். வலி திரும்பி வந்திருந்தது. கொளஞ்சியம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது என்றாள். மறுபடி தூளி கட்டப்போனார்கள். இருசம்மாள் கையை ஊன்றி எழுந்தாள்.

"நீங்க எவனும் என்னைத் தூக்க வேணாம். நான் நடக்குறேன்."

நடந்தாள். ஒவ்வொரு வலிக்கும் ஒரு மரத்தைப் பிடித்தாள். முதலில் பிடித்தது கடுக்காய் மரம். அவள் விட்டபோது அதில் ஒரு காய்கூட இல்லை. அடுத்தது வேங்கை. அது சாய்ந்தது சாய்ந்தபடியே இன்றும் நிற்கிறது, கீழே உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம். மரம் இல்லாத இடத்தில் என் கையைப் பிடித்தாள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

வலி விட்ட நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டே பிள்ளையோடு பேசினாள். இது ஓடை, இது நெல்லி மரம், அங்கே புகை தெரியுது பார், அதுதான் வடக்கனந்தல் பக்கம் என்று வழி காட்டிக்கொண்டே வந்தாள். மூத்ததுக்கு எதையும் காட்ட முடியவில்லை, இதற்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒரு திருப்பத்தில் பாதை நடுவில் கரடி உட்கார்ந்திருந்தது. நாங்கள் நின்றோம். இருசம்மாளுக்கு அந்த நேரம் பார்த்து வலி எடுத்தது. அவள் போட்ட கத்தலில் கரடி எழுந்து, ஓரமாகப் போய், நாங்கள் கடக்கும்வரை முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. மரியாதை தெரிந்த கரடி.

அடிவாரத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அவளால் ஓரடி வைக்க முடியவில்லை. வெட்டிய பெண்கள் ஓடி வந்தார்கள். காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிப் படுக்க வைத்து, சேலைகளை விரித்துப் பிடித்துச் சுற்றிலும் நின்றார்கள். கொளஞ்சியம்மாள் உள்ளே போனாள். வண்டி மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டன.

பிள்ளை வந்தது. அழவில்லை.

மூத்ததும் இப்படித்தான் வந்தது. கொளஞ்சியம்மாள் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். சத்தமில்லை. சேலை பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இருசம்மாள் கையை நீட்டி, "இங்க குடு" என்றாள். ஈரத்தோடு நெஞ்சில் போட்டு, முதுகைத் தேய்த்துக்கொண்டே மெல்லப் பேசினாள். கோபமே இல்லை.

"ஏண்டி, எம்மாந் தூரம் நடந்து வந்துருக்கோம். வந்த வூட்ல ஒரு வார்த்த பேச மாட்டியா?"

அந்தப் பிள்ளை பேசியது. அந்தச் சத்தத்தில் கரும்பு வண்டிகள் தானாக நகர்ந்து, ஆள் இல்லாமலே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. பிடித்திருந்த சேலைகளை அந்தப் பெண்கள் வெகுநேரம் இறக்கவே இல்லை. அதில்தான் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கமணி என்று பெயர் வைத்தோம்.

ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன். இருசம்மாள் தூளியிலிருந்து விழுந்த உடனேயே நான் மயங்கிச் சாய்ந்துவிட்டேன். மறுபடி கண் திறந்தபோது கரும்புக்காட்டு ஓரத்தில் அதே தூளிக்குள் கிடந்தேன், பக்கத்தில் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.