போன மாசத்து மழை

புது டிவி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதற்குக் குரல் போய்விட்டது.

சாயங்காலம் ஆறரைக்கு வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காலை நீட்டி உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினால் படம் பளிச்சென்று வரும். ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள். சத்தம் மட்டும் வராது. பழைய டிவியாக இருந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டலாம். இது சுவரில் தொங்கும் தகடு. தட்டினால் கையோடு வந்துவிடும். ரிமோட்டிலோ எண்ணே கிடையாது. நடுவில் நாணயம் மாதிரி ஒரு வட்டம். மேலே அமுக்கினால் சினிமா, கீழே அமுக்கினால் சமையல், பக்கவாட்டில் அமுக்கினால் 'சற்றுப் பொறுக்கவும்' என்று ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்துவிடும். எதையெதையோ அமுக்கி ஒருவழியாகக் குரலை மீட்பாள் கத்திரி. மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் ஊமை.

சீருடை தைக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெட்டுகிறவள். நாற்பது மடிப்புத் துணியைச் சாக்குக்கட்டிக் கோடு பிசகாமல் வெட்டுவாள், பேச்சும் அப்படித்தான். கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளை வெளியூரில். இரண்டிலிருந்து ஆறரைவரை வீட்டில் அவரும் அந்த டிவியும்தான்.

"சத்தமே வரலியே, பார்த்தீங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"நல்லாத்தானே வருது," என்றார் லிஃப்ட்காரர், ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்கு விடுமுறையாகவும் அவருக்கு ஷிஃப்டாகவும் இருந்த ஒரு நாளில் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் பையைக்கூடத் திறக்கவில்லை. ரிமோட்டை வாங்கி இரண்டு அமுக்கு அமுக்கினான். டிவி வாய் திறந்தது.

"டிவிக்கு ஒண்ணுமில்லக்கா. யாரோ வேணும்னே வாயை அடைச்சு வச்சிருக்காங்க."

"வேணும்னேவா? யாரு?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா டிவிக்குத் தெரியும்." அவன் இன்னும் எதையோ அமுக்கினான். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள் வரிசை கட்டி வந்தன. "இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் இங்க இருக்கும். நாம மறந்தாலும் இது மறக்காது."

வரிசை முழுக்க ஒரே பெண். நீலக் கோட்டு, வாரிவிட்ட முடி, அளவான சிரிப்பு. பின்னால் ஒரு வரைபடம், அதன்மேல் எண்கள். வானிலை சொல்லுகிற பெண்.

"எல்லாம் பழசுக்கா. இது போன மாசத்து மழை. இது அதுக்கு முந்தின மாசத்து வெயில்." மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "சார் விவசாயம் ஏதாச்சும் பண்றாரா?"

"எங்க வீட்ல ஒரு தொட்டிச் செடிகூட இல்ல."

அவன் அதற்குமேல் எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டான். கெட்டிக்காரன்.

கத்திரி தனியாக உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பெய்து முடிந்த மழையை மறுபடி மறுபடி பார்க்க ஒரு மனுஷனுக்கு என்ன தலையெழுத்து? மழைக்காகப் பார்க்கவில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் சத்தத்தை அடைத்துவிட்டு. பேச்சு எதற்கு, முகம் போதும் என்றுதானே?

ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். கொஞ்ச நாளாகவே அவர் போனை எடுப்பதில்லை. கூப்பிட்டால் அடித்து ஓயும். பிறகு 'வேலையில இருக்கேன்' என்று எழுதி அனுப்புவார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிறவர் இப்போது எதிரில் உட்காருகிறார். அவள் பேசினால் வைத்த கண் வாங்காமல் முகத்தையே பார்க்கிறார். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசையா என்று உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருந்தாள். இப்போது அந்தக் குளிர் வேறு மாதிரி இருந்தது. யாரோ ஒருத்தியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாரோ?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் போய் நின்றாள்.

"யாரு அந்த மழைக்காரி?"

பதில் இல்லை. முதுகு அசையவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், அடுத்ததை எடுத்தார்.

"கேக்கறேன்ல?"

அதற்கும் இல்லை. குற்றமுள்ள முதுகு இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் திரும்பியபோது அவள் அங்கே நிற்பதைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

"டிவில தினம் மழை பார்க்குறீங்களாமே?" என்றாள் நேருக்கு நேர்.

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ! "பார்க்காம? குடை எடுத்துட்டுப் போகணுமா வேண்டாமான்னு தெரியணும்ல?"

"போன மாசத்து மழைக்கா குடை?"

அவர் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "தூக்கம் வருது," என்று போய்விட்டார்.

டிவியில் ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்கெல்லாம் சண்டை போடுகிற வயசா? ஆனால் பொய். கையும் களவுமாகப் பிடித்தபிறகும், கண்ணைப் பார்த்து ஒரு பொய். இந்த வீட்டில் இல்லாமை இருந்திருக்கிறது, கோபம் இருந்திருக்கிறது, பொய் இருந்ததில்லை. அதுவும் வந்துவிட்டதென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று அவள் படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு முடிவுகட்டினாள்.

மறுநாள் கூடத்தில், பொத்தான் துளைக்கு இழை சுற்றும் காஜா அக்காவிடம் மட்டும் விஷயத்தை அவிழ்த்தாள்.

காஜா அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "அடி பைத்தியமே, டிவிக்காரி இங்க இறங்கி வரமாட்டா. இவளை மாதிரி ஒருத்தி அங்க ஆஸ்பத்திரில இருப்பா. ஆளு கைல கிடைக்கல, சாயலையாவது பார்த்துட்டு இருக்காரு."

"இருக்குமா?"

"லிஃப்ட்டுன்னா சும்மாவா? நாலு பக்கமும் அடைச்ச பெட்டி. நாளெல்லாம் வர்றவங்க போறவங்க. நான்னா ஒரு தடவ ஏறிப் பார்த்துடுவேன்."

கத்திரி அன்றைக்கே அரை நாள் லீவு சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். நல்லதாகப் போயிற்று. ஸ்ட்ரெச்சரே நுழையும் அளவுக்குப் பெரிய லிஃப்ட். எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு நெட்டை மனிதருக்குப் பின்னால் ஒளிந்து உள்ளே ஏறி, கடைசி மூலையில் ஒண்டினாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லிஃப்ட்காரர் முக்காலியில், பொத்தான் பலகையைப் பார்த்தபடி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பலகைக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி திருகப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அந்த மாதிரி. அதில் அவர் கண் அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருந்தது.

கட்டைமுடி நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து ஏறினாள். கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்து, விரித்து, "அஞ்சு, அண்ணே," என்றாள். அவர் கண் அவள் உதட்டிலேயே நின்றது. சிரித்தார். அஞ்சை அமுக்கினார்.

கத்திரி நெட்டை மனிதரின் தோளோரம் எட்டிப் பார்த்தாள். வந்த காரியம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டதே!

"மூணுப்பா," என்றார் நெட்டை மனிதர், கவசத்துக்குள்ளிருந்து.

லிஃப்ட்காரர் அசையவில்லை.

"தம்பி, மூணாவது மாடி!"

லிஃப்ட்காரர் கண்ணாடியைப் பார்த்தார். வரிசையாக மூடிய வாய்கள். எந்த வாய் பேசியது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. காதோரம் வியர்வை வழிந்தது. சட்டென்று ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு என்று மிச்சமிருந்த எல்லாப் பொத்தானையும் அமுக்கினார்.

"இதென்ன, ஒவ்வொரு வீடா நின்னு போற பால் வண்டியா?" என்றார் யாரோ.

"திமிரு. கூப்பிட்டா திரும்புறானா பாரு."

நர்ஸ் அவசரமாக, "மூணுதானே சார், இதோ வந்துடும்," என்று சமாளித்தாள். அவள் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. சின்னவனைக் காப்பாற்றும் மூத்தவளின் அவசரம்தான் இருந்தது.

கத்திரிக்குக் கழுவும் தொட்டியின்முன் நின்ற முதுகு நினைவுக்கு வந்தது. அவள் மூச்சை இழுத்து, வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க!"

லிஃப்டில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை.

மாடி மாடியாக ஆட்கள் இறங்கினார்கள். நர்ஸும் போனாள். ஏழாவது மாடியில் கடைசி ஆளும் இறங்கிக் கதவு சாத்தியபிறகு, கத்திரி கவசத்தைக் கீழே இழுத்தாள். கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். முக்காலி கீழே விழுந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

பொய் ஒன்று அவர் வாய்வரை வந்து திரும்பிப் போவதை அவள் பார்த்தாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது கொஞ்சம்." முக்காலியை எடுத்து நிமிர்த்தினார். "டிவில அந்தப் பொண்ணு நம்பரா சொல்லும். முப்பத்தொண்ணு, இருபத்தாறுன்னு. பின்னாடி படத்துல எழுதியும் இருக்கும். வாயைப் பார்த்துச் சொல்லிட்டு, சரியான்னு படத்துல பார்த்துப்பேன். இங்க எனக்கு நம்பர்தானே வேணும்?"

"என்கிட்ட சொல்ல என்ன கேடு?"

"சொன்னா நீ கத்திப் பேசுவ. தெருவே கேக்கும். அப்புறம் இங்க அந்த நர்ஸைத் தவிர மத்தவங்களுக்கும் தெரிஞ்சு, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் பெட்டி கட்டத் தயாரா இருந்தேன், தெரியுமா? ஒரு மழைக்காரியால!"

அவர் திகைத்து அவள் வாயையே பார்த்தார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார், பாவம். புரிந்ததும் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியது.

"காது டாக்டர் எந்த மாடி?" என்று அவள் அவர் முதுகிடம் கேட்டாள்.

பதில் வரவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் சும்மா இருக்கிறாரா? அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கு முகத்தை நீட்டி மறுபடி கேட்டாள்.

"மூணு," என்றார். மூணாம் பொத்தானை அமுக்கிவிட்டு, "முதல் தடவையே கேட்டுச்சு. வலது பக்கம்தானே நின்ன. பயத்துல கேக்காத மாதிரி இருந்துட்டேன். தினம் அந்த மாடில நூறு தடவை கதவைத் திறக்கறேன். ஒரு தடவகூட இறங்கினதில்ல."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அப்போ வீட்லயும் சில நாள் கேட்டுட்டேதான் கேக்காத மாதிரி இருந்திருக்கீங்க?"

"சில நாள்," என்றார் அவர், தலையைக் குனிந்து.

"எந்தெந்த நாள்னு அப்புறம் பேசிக்கறேன்."

மூன்றாவது மாடி வந்தது. அவர் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தார். பக்கத்து லிஃப்டில் போகச் சொல்லும் பலகையை எடுத்து வாசலில் மாட்டினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழிவிட்டு நின்றார்.

கத்திரி நகரவில்லை. "நான் இறங்கினதும் கதவைச் சாத்திட்டுப் போயிடுவீங்க," என்றாள், அவர் படிக்கும்படி நிதானமாக. "நீங்க முதல்ல."

அவர் இறங்கினார். அவர் சட்டையின் பின்புறத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.