ஏழாம் எண்ணின் ரத்தம்

மேடம் என்னை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார்.

"இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கூத்த நான் பார்த்ததில்ல. செத்தவன் பல்லுல உங்க டிஎன்ஏ வருது! கையுறை போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் மேடம்."

"அப்புறம் எப்படி ஏழாம் நம்பர் வரும்?"

பணியாளர் பட்டியலில் ஏழாம் நம்பர் நான்தான். எங்கள் ஆய்வகத்துக்கு வருவதெல்லாம் அடையாளம் தெரியாத உடல்களின் பல்லும் எலும்பும். அவற்றின் டிஎன்ஏவை, காணாமல் போனவர்களின் குடும்பத்தார் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. அதற்கு முன்னால் கணினி ஒவ்வொரு முடிவையும் பணியாளர் பட்டியலோடு ஒப்பிடும். எங்களில் எவனாவது தொட்டுத் தொலைத்திருந்தால் மாட்டிக்கொள்வான். அதற்காகவே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள்.

"இன்னொரு பல் இருக்குல்ல, அத எடுங்க. அதுலயும் நீங்களே வந்தீங்கன்னா, கலப்படம்னு எழுதி ஃபைல மூடிடுவேன். அந்த ஆளு அநாதைப் பொணமாப் போயிடுவான். அந்தப் பாவம் உங்க தலையிலதான்."

தலையை ஆட்டிவைத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அன்று தேடிப் பார்த்தேன், இல்லை. அழுகையும் இல்லை. கை மட்டும் தன்பாட்டுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தது.

மேடத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முந்தைய வருடம் எனக்கு ரத்தப் புற்றுநோய். தம்பியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து எனக்கு ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். சீக்காளி என்று வேலை தராமல் போய்விடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

உடம்பில் தோலாகட்டும், எலும்பாகட்டும், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்கிற முழுப் புத்தகமும் இருக்கிறது. தோல் தனக்கான பக்கங்களைப் படித்துத் தோலாகிறது. மஜ்ஜை தன் பக்கங்களைப் படித்து ரத்தம் செய்கிறது. படிக்காத பக்கங்கள் மூடிக் கிடக்குமே தவிர, கிழிந்து போவதில்லை. என் தோல், நகம், எலும்பு எல்லாம் என் புத்தகம். ரத்தம் மட்டும் தம்பியின் புத்தகம். அன்று விரலில் குத்தி அவர்கள் எடுத்ததும் அவனைத்தான்.

நான் தொட்டுக் கெடுத்திருந்தால் அந்தப் பல்லில் விழுந்திருக்கவேண்டியது என் தோல். என் தோல் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

ஆகவே கணினி சரியாகத்தான் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் பல்லைப் பொடித்தவன் நான். கடைவாய்ப் பல், அடைத்த பல். தம்பி எப்போது பல் அடைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் அவனுக்கு வால் என்று பெயர். என் தட்டில் கை வைப்பான். ஏண்டா என்றால், "உன் உடம்புல ஓடறது என் ரத்தம். மரியாதையாப் பேசு" என்பான். சிரித்துத் தொலைப்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தன தடவடா சொல்லிக் காட்டுவ? உன் ரத்தத்த நீயே எடுத்துக்கிட்டு எங்கயாவது போய்த் தொலை" என்றேன். மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனான். ரத்தத்தை விட்டுவிட்டுத்தான் போனான்.

அவன் திரும்பவே இல்லை என்று புகார் கொடுத்ததும் போலீஸ்காரர்கள் வந்து அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கவேண்டும் என்றார்கள். "செத்தவங்க கூட்டத்துல என் புள்ளயத் தேடாதீங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. வருகிற ஒவ்வொரு எலும்பும் பட்டியலில் இருக்கிற என் ரத்தத்தைத் தாண்டித்தானே போகவேண்டும்? 'பணியாளர் பொருத்தம் இல்லை' என்ற வரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுவேன். மூன்று வருடமாக அதுதான் என் நிம்மதி.

இரண்டாவது பல்லையும் பொடித்தேன். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஏழு.

மேடம் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க மேடம். அது நான் இல்ல, என் தம்பி."

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாருடைய கதையையோ ஒப்பிப்பது போலத்தான் இருந்தது. மேடம் பேனாவை மூடிவைத்தார்.

"ஏன் மொதல்லயே சொல்லல?"

"வேலை போயிடுமோன்னு பயம்."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பஞ்சுக்குச்சிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "உங்க வாய்ப்பேச்ச வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதுப்பா. அம்மா இருக்காங்கல்ல?"

வீட்டில் அம்மா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல தம்பிக்கும் சேர்த்து மூன்று தட்டு. பாக்கெட்டைப் பார்த்ததும் கை நின்றது. அன்றைக்குப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்ததும் இதே பாக்கெட்தான்.

"கை கழுவிட்டு வா" என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். விளக்குக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. நான் கேட்கவே இல்லை.

இடது கன்னத்தில் பத்து தடவை, வலது கன்னத்தில் பத்து தடவை. குச்சியை உறையில் போட்டு ஒட்டினேன். எழுந்திருக்கப் போனபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி துடிக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"இது அவன்தானே?"

"ஆமாம்மா."

அதன்பிறகும் அவள் கையை விடவில்லை. மேஜைமேல் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.