போகச் சொன்னால் போகாதவன்

எனக்குக் கண் தெரியாது. கோபம் மட்டும் நன்றாக வரும். மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு நானூறு பேர் என்மேல் எரிந்து விழுவார்கள். வீட்டுக்கு வரும்வரை அடக்கிவைத்து, மொத்தத்தையும் என் வழிகாட்டி நாய்மேல் கொட்டுவேன். அவன் கொட்டாவி விடுவான்.

அவனுக்கு நான் வைத்த பெயர் வாத்தியார். வழிகாட்டி நாயின் படிப்பில் பெரிய பாடமே, தேவைப்பட்டால் சொன்ன பேச்சைக் கேட்காமலிருப்பதுதான். வண்டி வந்தால், நான் “போ” என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நகரமாட்டான். என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொள்வான். எட்டு வருடமாக அந்தப் பிடிவாதத்தில்தான் என் உயிர் ஓடியது.

ஆறு மாதத்துக்கு முன் அவன் குப்பைத்தொட்டியில் மோதினான். அடுத்த வாரம் மறுபடியும். கண் மங்கினால் பயிற்சிப் பள்ளி அவனுக்கு ஓய்வு கொடுத்துவிடும். புது நாய் வரும் வீட்டில் பழைய நாய் இருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நான் வாயே திறக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எத்தனை எட்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவன் முதுகில் மாட்டிய பட்டையின் கைப்பிடியை லேசாகத் திருப்பித் திருப்பி நானே அவனை நடத்தினேன். முதலில் முரண்டு பிடித்தான். அப்புறம் கேட்கத் தொடங்கினான்.

வெளியூரிலிருந்து வந்த தம்பி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

“அக்கா, அவன் உன்னைக் கூட்டிட்டுப் போறானா, நீ அவனைக் கூட்டிட்டுப் போறியா?”

“உன் வேலையைப் பாருடா.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. நாளைக்குப் பயிற்சியாளர் சோதிக்க வர்றார்ல?”

வந்தார். வாத்தியாரைக் குட்டியிலிருந்து பழக்கியவர் அவர்தான். வழக்கமான பாதையில் நாங்கள் நடக்க, பின்னாலேயே வந்தார். ஒரு பிசகில்லை.

“பிரமாதம் மேடம். அப்படியே இடது பக்கம் திரும்புங்க. பழகாத தெருவுல ஒரு தடவை பாத்துடலாம்.”

அந்தத் தெருவில் எனக்குக் கணக்குத் தெரியாது, அவனுக்குப் பார்வை கிடையாது. நடைபாதை விளிம்பைக் காலால் துழாவி நின்றான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தமே இல்லை. இல்லை என்றுதான் தோன்றியது. இன்னும் கொஞ்சம் தயங்கினால் பின்னால் நிற்பவருக்குப் புரிந்துவிடும், வாத்தியாரைப் பறித்துக்கொள்வார்கள்.

“போ” என்றேன்.

உடனே இறங்கினான். இரண்டு எட்டு வைத்திருப்போம். முகத்தில் சூடாகக் காற்று அடித்தது. என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மூன்று பேரும் நடைபாதையில் விழுந்தோம். சத்தமே போடாத பேட்டரி கார்.

“கண்ணு தெரியலையா?” என்று ஓட்டுநர் கத்திவிட்டுப் போனான். கேட்டது நியாயம்தான். எங்கள் மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

பயிற்சியாளர் மூச்சு வாங்கினார். “எத்தனை நாளா மேடம்?”

“ஆறு மாசம்.”

“கண்ணு மங்கட்டும். காது இருக்கே? நமக்குக் கேக்காத டயர் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஏன் எறங்கினான்?”

பதில் எனக்குத் தெரியும். உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்வதுதான் சரி என்று ஆறு மாதமாக அவனுக்குப் பாடம் நடத்தியவள் நான். பிரியம் பிரியம் என்று அவன் படிப்பையே அழித்துவிட்டேன். தெருவென்றும் பாராமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் கொண்டுவந்தான். தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவனே சொல்லியிருந்தான். பட்டையை என் கையால் கழற்றினேன். அது உரசிய இடத்தில் முடி தேய்ந்து வழவழவென்றிருந்தது.

“ஏறுடா வாத்தியாரே” என்றான் தம்பி. நகத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. “நீ சொல்லுக்கா. நீ சொன்னாத்தான் கேப்பான்.”

“போ.”

வந்தான். என் முழங்காலுக்குக் குறுக்கே நின்றான். தள்ளினேன், அசையவில்லை.

“போடா!”

இன்னும் அழுத்தி நின்றான்.

“இப்பத்தான் பாடம் ஞாபகம் வந்துதாடா உனக்கு?” என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தம்பி வெகுநேரம் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் வாத்தியாரைத் தூக்கித்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.