மலையம்மாளின் ஆபரேஷன் சிடி

மலையம்மாளின் வயிற்றில் நாலு பிளாஸ்திரிகள் இருந்தன. தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு காயம், அவ்வளவுதான். அவள் மாமியார் சோணையம்மாளுக்குச் சந்தேகமே அங்கிருந்துதான் பிறந்தது.

"கொய்யாக்கா தண்டிக் கட்டியாம். இந்த ஓட்டையில வந்துச்சாம். கர்ப்பப்பையத்தான் எடுத்துருக்காக. உங்ககிட்டச் சொல்லல."

"கட்டியே வராத ஓட்டையில பை மட்டும் எப்பிடித்தா வரும்?" என்றான் மகன் பால்பாண்டி.

"அது ரப்பர் கணக்கா. மடிச்சு எடுத்துருவாக."

கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளையில்லை. மாதாமாதம் உதிரம் கொட்டி மலையம்மாள் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தாள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. முதலில் பார்த்த டாக்டர் பையையே எடுத்துவிடச் சொன்னார். இன்னொரு டாக்டரம்மா, சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம், பை இருக்கும், சில மாதம் கழித்துப் பிள்ளைக்கு முயற்சி பண்ணலாம், உறுதியெல்லாம் தர முடியாது என்றார். முயற்சி என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மலையம்மாள் ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தாள்.

இப்போது உசிலம்பட்டியிலிருந்து தூரத்துச் சொந்தம் நல்லகாமன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். சோணையம்மாள் எதற்கு வரச் சொன்னாள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, எல்லோருக்கும் தெரியும். பால்பாண்டி மாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனால் அம்மாவிடம் அவன் சொன்ன எந்த மாட்டேனும் ஒரு வாரம் தாங்கியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மலையம்மாள் பக்கத்து வீட்டு ஹஃபீஸாவிடம் சிடி பிளேயரை இரவல் கேட்டாள். பிளேயரோடு ஹஃபீஸாவும் வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஆபரேஷன் சிடியை அதுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பால்பாண்டிக்குத் தைரியமில்லை.

"உக்காருங்க அத்தை. உள்ள என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கங்க."

"கல்யாணத்துக்குத்தான் படம் எடுப்பாக. இதுக்குமா?"

திரை இளஞ்சிவப்பாக விரிந்தது. காற்றடித்து உப்பவைத்த வயிற்றுக்குள் ஈரமாக மின்னும் ஒரு குகை. கேமராவின் வெளிச்சம் நிலாப்போல அதற்குள் நகர்ந்தது. தனக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதை மலையம்மாள் அன்றுதான் பார்த்தாள். பால்பாண்டி, காளைக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விட்டான்.

"அந்தா, அதான் பை. மேல புடைச்சிருக்குறது கட்டி," என்றாள் மலையம்மாள்.

ஒரு கம்பி பையின் மேல்தோலைக் கீறியது. வெள்ளையாகக் கட்டி தலைகாட்டியது. இடுக்கி பிடித்தது, நழுவியது. மறுபடி பிடித்தது, மறுபடி நழுவியது. பொங்கலுக்குப் பொங்கல் அவனியாபுரம் வாடிவாசலில் தன் காளையை அவிழ்த்துவிடுகிறவள் சோணையம்மாள். டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"திமிலு கணக்கால்ல வழுக்குது."

திருகாணி போன்ற ஒரு கம்பி கட்டிக்குள் இறங்கியது.

"ஆங், அப்பிடிப் போடு. விட்றாத. தொங்கு, தொங்கு."

"பெரியம்மா, அது டாக்டருக்குக் கேக்காது," என்றாள் ஹஃபீஸா.

"நீ சும்மா இரு. யாரு பிடிக்கிறது, பொம்பளையா? நல்ல பிடிகாரி."

கட்டி பையிலிருந்து முழுசாகப் பிரிந்து வந்தது. சோணையம்மாள் கைதட்டினாள். உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "இருங்கடி. இனிமேத்தான் பைய எடுப்பாக."

வளைந்த ஊசி ஒன்று வந்தது. கீறிய இடத்தை அடுக்கடுக்காகத் தைத்தது. அப்புறம் கட்டியைக் கயிறு கயிறாகச் சீவி ஒரு குழாய் வழியாக வெளியே இழுத்தார்கள். கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. தைத்த பை இருந்த இடத்திலேயே இருந்தது. திரை இருண்டது.

"எடுக்கல," என்றாள் சோணையம்மாள்.

"எடுக்கல அத்தை."

"பிள்ள தங்குமா?"

"தெரியாது. முயற்சி பண்ணலாம்னாக."

சோணையம்மாள் கொஞ்ச நேரம் மருமகளின் வயிற்றையே பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய் பாண்டி, உசிலம்பட்டிக்குப் போனப் போடு."

அவன் நம்பரை அழுத்திக் கொடுத்ததும் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"அண்ணே, நாளைக்கு வர வேணாம். புள்ளைக்கு வேற எடம் பாருங்க. எங்க மருமகளுக்கு எல்லாம் இருந்த எடத்துல இருக்கு. என் கண்ணால டிவியில பாத்தேன்."

மறுமுனையில் எந்தச் சேனல் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அது உங்க வீட்டுல வராதுண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.