மேலிடத்தின் நாற்காலிப் பயிற்சி

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலிடம் என்றுதான் சொல்வார்கள். நூற்றெண்பது அடி உயரக் கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? "இரு, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்", "மேலிடம் இன்னிக்குச் சூடா இருக்கு, வாயைக் குடுக்காதே" என்று கீழே நக்கல் நடக்கும். அவர் அதை நக்கலாக எடுத்துக்கொண்டதே இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

மேலே இருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் தொப்பிகள். மஞ்சள் தொப்பி கூலியாள், வெள்ளைத் தொப்பி இன்ஜினியர், நீலத் தொப்பி எலக்ட்ரீஷியன். எந்தத் தொப்பிக்குள்ளும் மூளை கிடையாது என்பது அவர் முடிவு. அதிலும் சிவப்புத் தொப்பியை நினைத்தாலே அவருக்கு இளப்பம். சிவப்புத் தொப்பி என்றால் தரையில் நின்றுகொண்டு கிரேனுக்குக் கையால் சைகை காட்டுகிறவன். வெயிலிலும் புழுதியிலும் நின்று கையை ஆட்டுவது ஒரு வேலையா? அந்த வேலையைப் பதினான்கு வருடமாகச் செய்வது அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை மாதம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

மச்சானை அவர் "டேய் கைகாட்டி" என்றுதான் அழைப்பார். அதுவும் எல்லோர் இடுப்பிலும் தொங்கும் வாக்கி டாக்கியில். அவன் "சொல்லுங்க மாமா" என்பான், அவ்வளவுதான். ஒருநாள் அவன் பேன்ட் பின்பக்கம் கிழிந்திருந்ததை அத்தனை உயரத்திலிருந்து கண்டுபிடித்து, வாக்கி டாக்கியில் ஊருக்கே அறிவித்தார். ஒரு வாரம் அதை வைத்தே எல்லோரும் சிரித்தார்கள். அவர் இரண்டு வாரம் சிரித்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த அறிவிப்பு வந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, வயது முப்பதைத் தொடாத பெண், தேநீர் இடைவேளையில் அதை ஒட்டினாள். ஐம்பது தாண்டிய கிரேன் ஓட்டுநர்கள் ஒரு மாதத்துக்குள் ஏணிப் பரிசோதனைக்கு வர வேண்டும். பதினைந்து நிமிடத்தில் உச்சிக்கு ஏற வேண்டும். வழியில் கால் ஆற்றிக்கொள்ள இருக்கும் ஆறு இரும்புத் தட்டுகளில், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் வரை நிற்கலாம். மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டை நாடித்துடிப்பைக் கீழே அவள் கையிலிருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பும். துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டினால் அதோடு சரி, இறங்கிவிட வேண்டியதுதான். தேறாதவர்களுக்குத் தரையில் சைகை வேலை தரப்படும் என்று கடைசி வரியில் இருந்தது.

"என்னைப் போய்ச் சிவப்புத் தொப்பி போடச் சொல்றா," என்று அவர் அன்று மாலை வீட்டில் குதித்தார். "இவளுக்குப் பால் பல்லு விழறதுக்கு முன்னாடியே நான் மேல ஏறினவன்."

"ஏறினீங்க. இப்ப ஏற முடியுமா?" என்றாள் மனைவி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்க்கிறவள்; சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

எல்லோருக்கும் முன்னால் காலை ஆறு மணிக்கே அவர் வேலைக்குப் போவது எதற்கு என்பது அவளுக்குத் தெரியும். கடமை உணர்ச்சி ஒன்றும் இல்லை. உச்சிக்குப் போய்ச் சேர அவருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறுவதை எந்தத் தொப்பியும் பார்த்துவிடக் கூடாது. மதியச் சாப்பாட்டையும் மேலேயே கொண்டுபோய்விடுவார். வயிறு கிரேனை இயக்கும் கைப்பிடியில் இடிக்க ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது.

"வீடியோ பார்த்து வீட்டுலயே உடற்பயிற்சி பண்ணுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தி அப்படித்தான் பத்து கிலோ குறைச்சா," என்று சொல்லி, போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

'புதிதாகத் தொடங்குபவர்களுக்கு' என்று தேடினார். வந்து கொட்டியது. உலகத்தில் இத்தனை பேர் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்களா என்று அவருக்கு முதலில் ஆச்சரியம், பிறகு அருவருப்பு.

முதலில் ஒரு பையன். சட்டை இல்லை. வயிற்றில் ஆறு கட்டிகள். "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இது ரொம்ப ரொம்ப ஈஸி," என்றான். பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, துள்ளி எழுந்து, மறுபடி விழுந்தான். "இவனுக்கு ஈஸிதான். இவன் அம்மா சோறு போடறா, இவன் குதிக்கிறான்," என்று அவர் சேனலை மாற்றினார். அடுத்தவள் ஒரு பெண். வாயைத் திறந்ததிலிருந்து சிரிப்பு. குனியும்போதும் சிரிப்பு, நிமிரும்போதும் சிரிப்பு. "உங்க உடம்புக்கு நன்றி சொல்லுங்க," என்றாள். அவர் தன் உடம்பைக் குனிந்து பார்த்தார். நன்றி சொல்லும்படி அது எதுவும் செய்துவிடவில்லை. இன்னொருவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் காட்டினான். "முதுகை இப்படி வளைச்சுத் தூக்கினா என் கிரேனே உடைஞ்சிடும். இவன் பாடம் எடுக்கறானாம்!" என்று கத்தினார்.

"நீங்க பயிற்சி பண்றீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூன்றாம் நாள் ஒருவழியாக ஒருத்தன் தேறினான். சட்டை போட்டிருந்தான், சிரிக்கவில்லை, வளவளவென்று பேசவும் இல்லை. நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அவரும் தூக்கினார். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்போது அந்த ஆள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, முன்னும் பின்னும் வீசினான்.

மேலிடம் அப்படியே உறைந்துவிட்டார். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. ஒரு கணம் அப்படி நின்றுவிட்டு, பக்கத்திலிருந்த துணி காயப்போடும் ஸ்டாண்டின் மேல் சாய்ந்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

மனைவி ஓடிவந்தாள். "என்னாச்சு? ஏன் நின்னீங்க?"

"நிறுத்துன்னு சொன்னான்."

"யாரு? அவன் ஒண்ணும் சொல்லலையே."

"கையால சொன்னான்."

கிரேன் வேலையில் அதுதான் சட்டம். மேலே தூக்கு, கீழே இறக்கு, வலது, இடது என்பதையெல்லாம் தனக்கென்று இருக்கும் சைகைக்காரன் காட்டினால் மட்டும் கேட்க வேண்டும். ஆனால் இரண்டு கையையும் நீட்டி வீசினால், உடனே நிறுத்து என்று அர்த்தம். அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். டீ கொண்டுவருகிறவன் காட்டினாலும் சரி, தெருவில் போகிறவன் காட்டினாலும் சரி. ஏன் என்று கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்தச் சைகையை ஒருமுறைகூட மீறியதில்லை. அவருடைய புத்தி யோசிக்கும் முன்பே உடம்பு நின்றுவிடும்.

அதற்குப் பிறகு எந்த வீடியோவும் உதவவில்லை. எல்லோரும் கையை ஆட்டினார்கள். ஒருத்தி கட்டைவிரலைக் கீழே காட்டி இறக்கு என்றாள். ஒருவன் விரலை மேலே நீட்டிச் சுழற்றித் தூக்கு என்றான். இந்தப் பிள்ளைகள் கையை வைத்துக்கொண்டு என்ன உளறுகிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையைச் சும்மா வைத்திருக்கும் ஒரே ஒரு ஆளைத் தேடி மனைவிதான் கண்டுபிடித்தாள்.

தலைப்பு: 'எழுபது வயதைக் கடந்தவர்களுக்கான நாற்காலிப் பயிற்சி.'

"எனக்கு அம்பத்திமூணு!" என்றார்.

"ஏணிக்கு அது தெரியுமா?" என்றாள் அவள்.

திரையில் தொந்தியும் தொளதொளப் பனியனுமாக ஒரு மனிதர், இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சி முடியும்வரை விடவே இல்லை. முழங்காலைத் தூக்குவது, குதிகாலை உயர்த்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. "பெரியவங்களே, அவசரம் வேண்டாம். மூச்சு வாங்கினா நில்லுங்க," என்று ஐந்து தடவை சொன்னார். போதாக்குறைக்கு அந்த ஆளுக்கு எண்ணத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும், "அஞ்சு, ஆறு, எட்டு," என்று போய்க்கொண்டே இருந்தார்.

"ஏழு எங்கடா?" என்று மேலிடம் திரையைப் பார்த்து அலறினார். வீடியோ அது பாட்டுக்கு ஓடியது. விட்டுப்போன ஏழாவதை இவரே செய்து முடித்து, மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

இருபத்தாறு நாள் இது நடந்தது. ஒருநாளாவது திட்டாமல் செய்ததில்லை. எட்டாம் நாள் ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்றும் செய்தார், அந்த ஆளுக்குப் பாடம் புகட்டுவதற்காக. இருபதாம் நாள் காலை, உச்சிக்குப் போக இருபது நிமிடம்தான் ஆனது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிழவர்களுக்கான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் விஷயம் வேலையிடத்தில் தெரிந்தால் தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். மனைவியிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

பரிசோதனை நாளன்று அதிகாரி பட்டையைக் கட்டிவிட்டாள். பத்துப் பதினைந்து தொப்பிகள் வேடிக்கை பார்க்க நின்றன. அதிகாரிக்குப் பக்கத்தில் மச்சான், சிவப்புத் தொப்பியோடு, கையைக் கட்டிக்கொண்டு, அவள் டேப்லெட்டைப் பார்த்தபடி நின்றான். "என்னடா கைகாட்டி, என் இடம் காலியாகுமான்னு பார்க்கிறியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தார்.

அவர் மேல் அத்தனை கண்கள் இருந்ததால் முதல் தட்டில் நிற்கவில்லை. இரண்டிலும் நிற்கவில்லை. மூன்றாவதில் ஒரு மூச்சுதான் விட்டார். நான்காம் தட்டை அடைந்தபோது காதுக்குள் இதயம் அடித்தது. இன்னும் இரண்டு தட்டுதான், இந்தத் தொப்பிகளுக்கு முன்னால் நிற்பதாவது என்று அடுத்த படியில் கை வைத்துவிட்டுக் கீழே ஒரு பார்வை பார்த்தார்.

மச்சான் கூட்டத்தைவிட்டு வெளியே வந்து நின்றிருந்தான். இரண்டு கையையும் நீட்டி, வேகமாக வீசினான். உடனே நிறுத்து.

உடம்பு நின்றுவிட்டது. பாவி, கெடுக்கிறானே என்று மனதுக்குள் பற்றி எரிந்தது. ஒரு கையை எடுத்து அடுத்த படியைப் பிடிக்கத்தான் நினைத்தார். கை வரவில்லை. தட்டிலேயே, கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். மச்சானும் கையை இறக்காமல் நின்றான். ஒரு நிமிடம் முடியப்போகும் நேரத்தில் அவன் ஒரு விரலை மேலே நீட்டிச் சுழற்றினான். அதன்மேல் மற்ற உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தான். தூக்கு. மெதுவாக.

மேலிடம் மெதுவாக ஏறினார். ஐந்தாம் தட்டில் மறுபடி நிறுத்து. ஆறாவதில் மறுபடி. ஒரு கட்டுக் கம்பியையோ சிமென்ட் மூட்டைகளையோ ஏற்றுவதுபோல, அடியடியாக, ஆடாமல் அசையாமல், அவனே அவரை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கண்ணாடி அறைக்குள் விழுந்து மூச்சு வாங்கும்போது அதிகாரியின் குரல் வந்தது. "பதினாலு நிமிஷம். தேறிட்டீங்க சார். நாலாவது தட்டுல நூத்திநாப்பத்தொன்பது காட்டுச்சு. நல்லவேளை நின்னீங்க."

கீழே தொப்பிகள் கலைந்து போய்க்கொண்டிருந்தன. வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. மச்சான். எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசையில் அல்ல, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும் தனி அலைவரிசையில், ரகசியமாகக் கேட்டான்:

"மாமா, ஏழு வந்துச்சா?"

மனைவி சொல்லிவிட்டாள். எப்போது? அநேகமாக முதல் நாளே. அப்படியானால் நாற்காலி, கிழவர்கள், துணி ஸ்டாண்டில் விழுந்தது எல்லாம் இருபத்தாறு நாளாக அவனுக்குத் தெரியும். கீழே ஒருவனுக்குக்கூடத் தெரியாது. இப்படி ஒன்று மச்சானைப் பற்றித் தன் கையில் கிடைத்திருந்தால், பத்து நிமிடம் தாங்கியிருக்குமா? வாக்கி டாக்கியில் எண்ணியே காட்டியிருப்பார். ஐந்து, ஆறு, எட்டு என்று. இந்த நூற்றெண்பது அடிக்குள் இருப்பதிலேயே மட்டமான ஆள் யார் என்பது அவருக்கு அப்போது மிகத் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆளுக்குத் தொப்பிகூட இல்லை. அவமானமாக இருந்தது.

கீழே சிவப்புத் தொப்பி முதல் சுமைக்குப் பக்கத்தில் போய் நின்று, அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது. அவர் எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசைக்கு மாற்றி, பொத்தானை அழுத்தினார்.

"மச்சான்... தூக்கலாமாப்பா?"

நாலைந்து தொப்பிகள் திரும்பி மேலே பார்த்தன.

"மாமா," என்றது மச்சானின் குரல், கவலையோடு, "ஏறும்போது தலையில எங்கயாவது அடிபட்டுச்சா?"